பழுப்புப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் அண்மையில் கைக்குக் கை மாறிவரும் ஒரு துண்டறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். "உங்கள் உடலில் நைட்ரோசேட்டிவ் ஸ்ட்ரெஸ் எவ்வளவு? விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும்" என்று நல்ல தமிழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பரிசோதனையும் மூன்று மாதத்துக்கான மாத்திரையும் சேர்த்துச் சில நூறு வெள்ளி (டாலர்). ஒரு ஹோட்டல் அறையில் நடந்த இலவசச் சுகாதார உரைக்குப் போய்வந்த என் நாத்தனார் இதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அண்ணி, நீங்க லேப்ல இருந்தவங்கதானே, கட்டலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கடிதம். விற்பவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. இன்று இவர், நாளை இன்னொருவர். துண்டறிக்கையில் போட்டிருக்கும் பழுப்பு நிறத் திசுப் படம் மட்டும் அதேதான் இருக்கும்.

நான் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, ஸ்லைடாக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பவர்களிடம் கொடுப்பது என் வேலை. கடைசிச் சில ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்காக, இந்த நைட்ரோசேட்டிவ் ஸ்ட்ரெஸ் புரதங்களில் விட்டுச்செல்லும் அடையாளத்தைத் திசுவில் தேடும் வேலையும் செய்தேன். அதனால்தான் அந்தப் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைட்ரோசேட்டிவ் ஸ்ட்ரெஸ் கட்டுக்கதை இல்லை. நம் இரத்தக் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறிதளவு உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. குழாயைத் தளர்த்தி இரத்தத்துக்கு வழிவிடுவது அதுதான். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிறார்களே, அந்த நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இந்த வாயுவின் தயவில்தான். இதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998ல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

வம்பு தொடங்குவது வீக்கமும் அழற்சியும் வரும்போது. அப்போது சில செல்கள் இந்த வாயுவை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. கூடவே ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் சூப்பராக்சைடு என்ற துடுக்கான பொருளும் பெருகியிருந்தால், இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற பொல்லாத சாமான் ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட பொருள்களால் உடலுக்கு வரும் தொல்லையைத்தான் நைட்ரோசேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். உடலுக்குள் இப்படி நடக்கக்கூடும் என்பதை 1990ல் ஜோசஃப் பெக்மன் குழு எடுத்துச் சொன்னது. பெராக்சிநைட்ரைட்டுக்கு ஆயுள் ஒரு நொடிகூடக் கிடையாது. அதைத் திசுவில் பிடிக்க முடியாது. ஆனால் போகிற போக்கில், புரதங்களில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் ஒரு நைட்ரோ தொகுதியை ஒட்டிவிட்டுப் போகிறது. அப்படி மாறிய டைரோசினுக்கு நைட்ரோடைரோசின் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் தேடுவது அதைத்தான்.

தேடிக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். மனிதர்களின் கொழுப்படைத்த இரத்தக் குழாய்களில் இது ஏராளமாக இருப்பதை 1994ல் பெக்மன் குழுவே காட்டியது. 1996ல், உடல் மெல்ல மெல்ல நிராகரித்த மாற்றுச் சிறுநீரகங்களில், உயிரணுவைக் காக்க வேண்டிய ஒரு நொதியே இப்படி நைட்ரோ ஒட்டிச் செயலிழந்து கிடந்ததைக் கண்டார்கள். 2000ல், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் புரதக் கட்டிகளிலும் அதே அடையாளம் தெரிந்தது. எல்லாம் கனமான வேலை. துண்டறிக்கைக்காரர்கள் இந்தக் கனத்தைத்தான் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். இரத்தக் குழாய் ஒன்றின் குறுக்குவெட்டு. சுவர் முழுக்கப் பழுப்பு, அங்கங்கே நீலப் புள்ளிகள். கீழே கொட்டை எழுத்தில் "பழுப்பு இருக்கும் இடமெல்லாம் சேதம்" என்று ஒரு வரி. என் நாத்தனாருக்கு அந்த வரியே போதுமாயிருந்தது.

அந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திசுவை ஃபார்மலினில் ஊறவைத்துப் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் இயந்திரத்தில் நான்கு மைக்ரான் தடிப்பில் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. சீவல்கள் ரிப்பன் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தூரிகையால் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். (ஏர்கான் காற்று நேரே மேலே பட்டால் ரிப்பன் பறந்துவிடும். அதனால் வேலை செய்யும்போது பேச்சைக்கூடக் குறைத்துக்கொள்வோம்.) அப்புறம் சைலீனில் மெழுகைக் கரைத்து, சிட்ரேட் கரைசலில் சூடாக்கி, ஃபார்மலின் மூடிவைத்த புரதங்களை மறுபடி திறந்துவிடுவோம். பிறகு நைட்ரோடைரோசினைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைப்போம். மறுநாள் அந்த ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது ஆன்டிபாடி. அதன் முதுகில் பெராக்சிடேஸ் என்ற நொதி ஏறியிருக்கும். கடைசியாக டி.ஏ.பி. என்ற நிறமற்ற கரைசல். நொதி இருக்கும் இடத்தில் மட்டும் அது பழுப்பாக மாறிப் படியும். உட்கருக்கள் தெரிவதற்காக ஹெமடாக்சிலினில் ஒரு முறை முக்கி எடுத்தால் நீலப் புள்ளிகள் வந்துவிடும்.

ஆகப் பழுப்பு என்பது நாங்கள் ஊற்றும் மருந்தின் நிறம். நைட்ரோடைரோசின் இருந்தால் வரும், இல்லாமலும் வரும். டி.ஏ.பி.யை ஊற்றிவிட்டு நேரத்தைக் கவனிக்காமல் இருந்தால், அடுப்பில் மறந்துபோன தோசை மாதிரி ஸ்லைடு முழுக்கச் சிவந்துவிடும். திசுவின் ஓரங்களில் திரவம் தேங்கினாலோ காய்ந்தாலோ அங்கே மட்டும் கருத்துப்போகும். செத்துப்போன திசு ஆன்டிபாடியைச் சும்மா உறிஞ்சிக்கொள்ளும். வயதானவர்களின் இதயத் தசையில் லிப்போஃபஸ்சின் என்ற பழுப்பு நிறமி இயற்கையாகவே இருக்கும். எந்த மருந்தும் ஊற்ற வேண்டாம்.

துண்டறிக்கைப் படத்தில் இன்னொரு வேடிக்கை. குழாயின் நடுவே கிடக்கும் சிவப்பணுக்களும் சுவரைப் போலவே அடர்ந்த பழுப்பு. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுக்கே பெராக்சிடேஸ் மாதிரி நடந்துகொள்ளும் குணம் உண்டு. ஆன்டிபாடியே இல்லாவிட்டாலும் அது டி.ஏ.பி.யைப் பழுப்பாக்கிவிடும். அதை அடக்கத்தான் ஆன்டிபாடிக்கு முன்னால் ஸ்லைடை ஹைட்ரஜன் பெராக்சைடில் வைக்கிறோம். சிவப்பணு இப்படிப் பழுத்துக் கிடக்கிற ஸ்லைடைக் கொண்டுபோயிருந்தால் எங்கள் ஆய்வுக்கூட மேற்பார்வையாளர் அதை மேசையில்கூட வைக்க விட்டிருக்க மாட்டார். "பிளாக்கிங் ஆகலை, மறுபடி செய்" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பியிருப்பார். அதைப் பெரிதாக்கி வழவழப்பான தாளில் அச்சடித்து, 'சேதம்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

சரி, நல்ல ஸ்லைடு என்றால் எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் இருக்கும் ஸ்லைடுகளைக் கேட்க வேண்டும். ஒரே திசுவிலிருந்து அடுத்தடுத்துச் சீவியவை, ஒரே நாளில் ஒரே தட்டில் ஓடியவை. ஒன்றில் முதல் ஆன்டிபாடியே ஊற்றியிருக்க மாட்டோம். அதில் பழுப்பு வரக்கூடாது. இன்னொன்றில், ஆன்டிபாடியை முன்கூட்டியே தனி நைட்ரோடைரோசினோடு கலந்து அதன் பசியை அடக்கிவிட்டு ஊற்றுவோம். அதிலும் பழுப்பு மறைய வேண்டும். வேண்டுமென்றே பெராக்சிநைட்ரைட்டில் நனைத்த திசு ஒன்றும் இருக்கும். அதில் பழுப்பு வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் ஆன்டிபாடியில் கோளாறு.

எனக்கு மிகவும் பிடித்தது டைதயோனைட் சோதனைதான். சோடியம் டைதயோனைட் கந்தக நெடி அடிக்கும் ஒரு வெள்ளைத் தூள். கரைத்து வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் தேவைப்படும் நேரத்தில்தான் புதிதாகக் கலக்க வேண்டும். அது நைட்ரோ தொகுதியை அமினோ தொகுதியாக மாற்றிவிடும். மாறிய பிறகு ஆன்டிபாடிக்கு ஆள் அடையாளம் தெரியாது. சோதனைக்காக நைட்ரோ ஏற்றிய ஆல்புமின் என்ற புரதத்தின் கரைசல் காரத்தன்மையில் நல்ல மஞ்சளாக இருக்கும்; டைதயோனைட்டைப் போட்டால் கண் முன்னாலேயே மஞ்சள் வெளுத்துவிடும். திசுவிலும் அதே கணக்கு. டைதயோனைட்டுக்குப் பிறகும் பழுப்பு அப்படியே நின்றால், அந்தப் பழுப்புக்கும் நைட்ரோடைரோசினுக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டுக்குப் போகலாம்.

இத்தனையும் சரியாக வந்த பிறகும் அடக்கித்தான் பேச வேண்டும். பழுப்பின் அடர்த்தியைக் கண்ணால் பார்த்து இத்தனை விழுக்காடு என்று எண் சொல்ல முடியாது. பெராக்சிநைட்ரைட்தான் செய்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வெள்ளையணுக்களில் உள்ள மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி, நைட்ரைட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வைத்துக்கொண்டு அதே அடையாளத்தை வேறு வழியில் போடுகிறது என்று 1998லேயே காட்டிவிட்டார்கள். இங்கே நைட்ரோ ஒட்டியிருக்கிறது என்று மட்டும் ஸ்லைடு சொல்லும்.

எண் வேண்டுமானால் மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) என்ற இயந்திரத்துக்குப் போக வேண்டும். நைட்ரோ ஒட்டிய டைரோசின் 45 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) கூடுதல் எடை காட்டும். அந்த வித்தியாசத்தைப் பிடித்து எண்ணுவார்கள். அதிலும் கண்ணி உண்டு. ஆரோக்கியமானவரின் இரத்தப் புரதங்களில் லட்சம் டைரோசினுக்கு ஒன்று நைட்ரோவாக இருந்தாலே அதிகம். அவ்வளவு அரிதான ஒன்றைத் தேடும்போது, புரதத்தை உடைக்க அமிலம் ஊற்றிச் சூடாக்கினால், மாதிரியில் உள்ள நைட்ரைட் குழாய்க்குள்ளேயே புதிதாக நைட்ரோடைரோசினை உண்டாக்கிவிடும். நோயாளியின் உடலில் இல்லாதது நம் சோதனைக் குழாயில் பிறந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, எடை கூடிய கார்பன் அணுக்கள் கொண்ட டைரோசினைத் தொடக்கத்திலேயே கலந்துவிடுவார்கள். அதுவும் நைட்ரோவாகி வெளியே வந்தால் குட்டு உடைந்தது. இந்த எச்சரிக்கை இல்லாத காலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தின் எண்ணுக்கும் இன்னொன்றின் எண்ணுக்கும் நூறு மடங்குக்கு மேலும் வித்தியாசம் இருந்தது. படித்தவர்கள், நல்ல கருவி வைத்திருப்பவர்கள் பட்ட பாடு இது. ஹோட்டல் அறையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, மடிக்கணினியோடு இணைத்த சின்ன நுண்ணோக்கியில் காட்டி, "உங்கள் அளவு 78, ஆபத்து" என்று என் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறார்கள். எதில் 78 என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சாதாரண நுண்ணோக்கியில் சாயமேற்றாத இரத்தத்தில் நைட்ரோடைரோசின் யார் கண்ணுக்கும் தெரியாது.

நைட்ரோசேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு, புரதத்தின் கந்தகத்தில் நைட்ரிக் ஆக்சைடு போய் உட்கார்வது. அது வெளிச்சம் பட்டாலே உதிரக்கூடியது. 2001ல் ஜாஃப்ரி, ஸ்னைடர் என்ற ஆய்வாளர்கள் அதைக் கண்டறிய ஒரு செய்முறை வகுத்தார்கள். அதைச் செய்யும் நாளில் குழாய்களைத் தகடு சுற்றி மூடி, மங்கலான வெளிச்சத்தில் வேலை பார்ப்போம். ஹோட்டல் அறையின் சரவிளக்குக்குக் கீழே அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல்.

துண்டறிக்கையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் நைட்ரோசேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை ஒழிக்கும் மாத்திரை. பின்பக்கத்தில் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் பீட்ரூட் தூள். இரண்டையும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடியாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது.

மாத்திரையைப் பற்றி ஒன்று. சிங்கப்பூரில் சுகாதாரத் துணைப்பொருள்களை விற்கச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. ஆகவே மேடையில் யாராவது "ஆணையம் ஒப்புதல் கொடுத்த மாத்திரை" என்று சொன்னால், வாங்குவதற்கு முன் ஆணையத்திடமே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்தப் படத்தில் இருக்கும் குழாய் யாருடையது என்ற கேள்வியும் என்னை விடவில்லை. துண்டறிக்கையைப் படிப்பவருடையது இல்லை என்பது மட்டும் உறுதி. உயிரோடு இருப்பவரின் இரத்தக் குழாயை மாத்திரை விற்பதற்காக யாரும் வெட்டி எடுக்க மாட்டார்கள். மனிதத் திசுவை ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டுமென்றால் இங்கே 2015ல் வந்த மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் இருக்கிறது. எதற்காக எடுக்கிறோம் என்று விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். எங்களிடம் வரும் மெழுகுக் கட்டிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்திலும் "எனக்குப் பயன்படாட்டியும் பரவாயில்லை, எடுத்துக்குங்க" என்று கையெழுத்துப் போட்ட ஒருவர் இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். நம்மவர்களில் பலர் இதற்குத் தயங்குகிறார்கள். இப்படிப்பட்ட படத்தை வியாபாரத்துக்குத் திருப்பிவிட்டால் தயக்கம் கூடத்தானே செய்யும்?

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் சுகாதாரப் பக்கங்களிலும் சில சமயம் இப்படிப்பட்ட வண்ணத் திசுப் படங்கள் அழகுக்காக வருகின்றன. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன திசு, என்ன சாயம், எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் ஆன்டிபாடி ஊற்றாத ஸ்லைடின் படத்தையும் பக்கத்திலேயே சிறிதாகப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய வாசகருக்கு ஒற்றைப் படம் காட்டி மாத்திரை விற்பது கடினம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை; இல்லாவிட்டால் என்னைப் படித்துவிட்டு யாராவது நல்ல பரிசோதனையையும் வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களை மூச்சை ஊதச் சொல்லி, வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடை அளப்பது மருத்துவமனைகளில் முறையாகச் செய்யப்படும் பரிசோதனை. பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 50ஐத் தாண்டினால் சுவாசக் குழாயில் ஒருவகை அழற்சி இருக்கக்கூடும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு வரையறுத்த அளவு இருக்கிறது, ஒத்துப்பார்க்க வழிமுறை இருக்கிறது, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவர் இருக்கிறார். திசுவில் நைட்ரோடைரோசின் தேடுவது அந்த நிலைக்கு வரவில்லை; இன்னமும் அது ஆராய்ச்சிக்கூடத்து வேலைதான். என் நாத்தனாருக்கும் ஆஸ்துமா உண்டு. ஊதிப் பார்க்கும் பரிசோதனை தனக்குத் தேவையா என்று அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசு ஆய்வுக்கூட ஊழியர்,
ஈசூன்